உலைக்குத் தப்பிய பொற்காசுகள்

2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற ஏலமொன்றில், எட்டே முக்கால் கிராம் நிறையுடைய பொற்காசு ஒன்று 84 இலட்சம் டொலருக்கு விலைபோனது. 1822ஆம் ஆண்டைத் தாங்கிய அக்காசின் அன்றைய முகப்பெறுமதி வெறும் 5 டொலர். எமது மக்களின் கணக்கிற் கூறுவதாயின் அது ஒரு பவுணைச் சற்றே விஞ்சிய தங்கம். தங்கத்தின் விலை எவ்வளவுதான் உயர்ந்தாலும் ஒரு பவுணின் பெறுமதி 84 இலட்சம் டொலராகிவிட முடியாது. அவ்வாறாயின் அந்த ஏலத்தில் விலை கொடுக்கப்பட்டது எதற்கு?

இதற்கு ‘அபூர்வம்’ என்ற ஒற்றைச் சொல்லிற் பதில் கூறிவிடுவது எளிது. ஆனால், அபூர்வம் என்பது தானாகத் தோன்றிவிடும் ஒன்றன்று. 1822ஆம் ஆண்டில் 17,796 ஐந்து டொலர் காசுகள் அடிக்கப்பட்டதாக அமெரிக்க நாணயச்சாலையின் கணக்கேடு கூறுகின்றது. அவ்வாண்டைத் தாங்கிய காசுகளில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுபவை மூன்று மட்டுமே. அவற்றிலும் இரண்டு, வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவகத்தின் தேசிய சேகரிப்பில் உள்ளன. ஏலத்துக்கு வரக்கூடியது ஒன்றே ஒன்று. ஏனையவை எங்கே சென்றன என்பதே ஆரம்பகால அமெரிக்கப் பொற்காசுகளின் உண்மையான வரலாறாகும். அதனை அறியாது விலையை மாத்திரம் கேட்டு வியப்பது, நூலைத் திறவாது அதன் அட்டையைப் பார்த்து வியப்பதற்கே ஒப்பாகும்.

சொந்தக் காசில்லாத குடியரசு

அமெரிக்கா பிரித்தானியாவிடமிருந்து விடுபட்டபோது அதனிடம் சொந்த நாணயம் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. ஸ்பானிய வெள்ளி டொலர்கள், பிரேசில் தங்கத்தில் அடிக்கப்பட்ட போர்த்துக்கேயக் காசுகள், ஆங்கிலக் கினிகள் என அந்நிய நாணயங்களே சந்தையில் உலவின. வணிகர்கள் தராசும் கையுமாக இருந்தனர். காசின் முகத்தில் யாருடைய உருவம் இருந்தது என்பதைவிட, அது எத்தனை நிறை இருந்தது என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. அந்நிய நாணயங்களுக்கு அமெரிக்காவில் இருந்த சட்டபூர்வ அந்தஸ்து 1857ஆம் ஆண்டு வரை நீடித்தமை குறிப்பிடத்தக்கது.

இந்நிலையில் தனியார் பொற்கொல்லர்களும் காசு அடிக்க முற்பட்டனர். அவர்களுள் பெயர்பெற்றவர் நியூயோர்க் நகரின் எப்ராயிம் பிரஷர் என்பவராவார். 1787ஆம் ஆண்டைத் தாங்கிய அவரது பொற்காசு ‘பிரஷர் டப்ளூன்’ எனப்படுகின்றது. நிறை ஏறத்தாழ 26 கிராம். ‘ஈ.பி.’ என்ற தமது பெயரின் முதலெழுத்துகளை அவர் கழுகின் சிறகில் முத்திரையாகப் பதித்திருந்தார். ஒரேயொரு காசில் மட்டும் அம்முத்திரை கழுகின் மார்பில் உள்ளது. இரு வகையுமாக இன்று அறியப்படுபவை ஏழு. அவற்றுள் ஒன்று 2021ஆம் ஆண்டு ஜனவரியில் 93 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது.

அரசாங்கத்தின் காசு பிறப்பதற்கு 1792ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதிய நாணயச் சட்டம் வழிவகுத்தது. திறைசேரிச் செயலாளர் அலெக்சாந்தர் ஹமில்டன் முந்திய ஆண்டு சமர்ப்பித்த அறிக்கையே இச்சட்டத்தின் அடித்தளமாகும். 10 டொலர் பெறுமதியான காசு ‘ஈகிள்’, அதாவது கழுகு, எனப் பெயர் பெற்றது. 5 டொலர் காசு அரை ஈகிள். இரண்டரை டொலர் காசு கால் ஈகிள். முறையே 17.5, 8.75, 4.37 கிராம் நிறையுடைய இவை யாவும் பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய தங்கம் கொண்டவை. எஞ்சிய ஒரு பங்கு செம்பும் வெள்ளியும் கலந்தது.

பன்னிரண்டில் பதினொரு பங்கு என்பது வேறெதுவுமன்று, எமது நகைக் கடைகளில் நாள்தோறும் ஒலிக்கும் 22 கரட் தரமே அது. இங்கிலாந்தின் பொன் நாணயமும் இதே தரத்திலேயே அடிக்கப்பட்டு வந்தது. 1817ஆம் ஆண்டு முதல் அங்கு வெளியான ‘சொவரின்’ என்ற ஒரு பவுண் காசுதான் எமது பேச்சில் ‘பவுண்’ ஆயிற்று. தாலிக்கொடியானாலும் மஹரானாலும் இன்றுவரை நாம் பவுணிலேயே கணக்குப் பார்க்கின்றோம். ஆகவே, அமெரிக்காவின் முதற் பொற்காசுகளும் எமது வீட்டுப் பவுணும் ஒரே தர மரபில் வந்தவை எனலாம்.

அதே சட்டத்தின் பிறிதொரு பிரிவு, நாணயச்சாலை ஊழியர் எவரேனும் மோசடியாகக் காசின் தரத்தையோ நிறையையோ குறைத்தால் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்படும் எனக் கூறியது. புதிய அரசொன்றுக்குத் தனது காசின் நம்பகத்தன்மை எத்துணை பெரிதாகப் பட்டிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

தாமதமும் தடைகளும்

சட்டம் 1792இல் பிறந்தபோதிலும் பொற்காசு பிறப்பதற்கு மேலும் மூன்று ஆண்டுகள் சென்றன. தங்கத்தையும் வெள்ளியையும் கையாளும் தலைமை நாணயம் அடிப்பவரும் தரப் பரிசோதகரும் ஆளுக்குப் பத்தாயிரம் டொலர் பிணை வைக்கவேண்டும் என்பது விதி. அக்காலத்தில் அது சாதாரண உத்தியோகத்தர் எவராலும் எட்ட முடியாத தொகை. 1794ஆம் ஆண்டு அத்தொகை குறைக்கப்பட்ட பின்னரே பணி தொடங்கியது. 1795ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பிலடெல்பியா நாணயச்சாலை 744 அரை ஈகிள் காசுகளைக் கையளித்தது. அமெரிக்க அரசாங்கத்தின் முதற் பொற்காசுகள் அவையே. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஈகிளும், 1796இல் கால் ஈகிளும் வெளிவந்தன.

அன்றைய நாணயச்சாலையை இன்றைய தொழிற்சாலையாக எண்ணிவிடக்கூடாது. அச்சுகள் கையால் செதுக்கப்பட்டன. நட்சத்திரங்களும் எழுத்துகளும் இலக்கங்களும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிக்கப்பட்டன. திருகு அழுத்தியை மனித வலுவே சுழற்றியது. காசாக அடிக்கப்படவிருக்கும் வில்லை நிறை கூடியிருந்தால் அரத்தால் அராவிக் குறைத்தனர். அந்த அரத்தின் கீறல்கள் இன்றும் பல காசுகளின் முகத்தில் தெரிகின்றன. இதனை அறியாதவர் பழுது என்பர்; அறிந்தவர் அன்றைய தொழிலாளியின் கைத்தடம் என்பர். மஞ்சட் காய்ச்சல் பிலடெல்பியாவைத் தாக்கிய ஆண்டுகளில் நாணயச்சாலையை மாதக்கணக்கில் மூடிவைக்க வேண்டியும் நேர்ந்தது.

அடிக்கப்பட்ட தொகையும் சொற்பமே. 1796ஆம் ஆண்டின் நட்சத்திரமற்ற கால் ஈகிள் 963. அடுத்த ஆண்டின் கால் ஈகிள் 427. 1808ஆம் ஆண்டு கால் ஈகிள் 2,710 மட்டுமே அடிக்கப்பட்டு, அவ்வடிவம் அவ்வாண்டுடனேயே முடிவுற்றது. 1815ஆம் ஆண்டின் அரை ஈகிள் 635. இக்காசுகளைச் செதுக்கியவர்களுள் ரொபர்ட் ஸ்கொட், ஜோன் ரைக் ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். ஸ்கொட் செதுக்கிய சுதந்திர மங்கையின் தலையணி தலைப்பாகை போலத் தோன்றுவதால், பழைய சேகரிப்பாளர்கள் அவ்வகை ஈகிள்களைத் ‘தலைப்பாகைக் காசு’ என்றே அழைத்து வந்தனர்.

முதற் காசுகளில் பெறுமதி எதுவும் பொறிக்கப்படவில்லை என்பது இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கலாம். 1807ஆம் ஆண்டு ரைக் வடித்த அரை ஈகிளிலேயே ஐந்து டொலர் என்ற குறி முதன்முதலாக இடம்பெற்றது. தங்கத்துக்கு எழுத்துச் சாட்சி தேவையில்லை, நிறையும் தரமுமே போதும் என்ற எண்ணமே அதுவரை நிலவியது.

சட்டமே பகையானது

இனி, காசுகள் எங்கே சென்றன என்ற கேள்விக்கு வருவோம். 1792ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் அவுன்ஸ் தங்கம் 15 அவுன்ஸ் வெள்ளிக்குச் சமம் என நிர்ணயித்தது. அது எழுதப்பட்ட வேளையில் அக்கணிப்பு சந்தை நிலைமைக்கு நெருங்கியதாகவே இருந்தது. ஆனால், சந்தை சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஐரோப்பாவில் தங்கத்தின் மதிப்பு ஏறியது. பிரான்ஸ் 1803ஆம் ஆண்டு 15.5 என்ற விகிதத்தைச் சட்டமாக்கியது.

இதன் விளைவை எவரும் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். அமெரிக்காவில் 15 அவுன்ஸ் வெள்ளியைக் கொடுத்துப் பெற்ற தங்கத்தைக் கடல் கடத்தினால், ஐரோப்பாவில் அதற்குப் பதினைந்தரை அவுன்ஸ் வெள்ளி கிடைத்தது. கப்பற் கூலி போகவும் இலாபம் எஞ்சியது. எனவே, நாணயச்சாலையின் வாயிலில் வெளிவந்த பொற்காசு மக்களின் கைக்குச் செல்லாது வங்கிக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும், அங்கிருந்து அக்கரையிலுள்ள உலைக்கும் சென்றது. நாணயச்சாலை அமெரிக்க மக்களுக்காக உழைப்பதாக எண்ணிக்கொண்டு ஐரோப்பியப் பொன் வணிகர்களுக்காக உழைத்தது என்று கூறினும் மிகையாகாது. 1795 முதல் 1804 வரை அடிக்கப்பட்ட ஈகிள்கள் மொத்தம் 132,592. ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனின் காலத்தில், 1804ஆம் ஆண்டு, அக்காசு அடிப்பது நிறுத்தப்பட்டது. 1838ஆம் ஆண்டு வரை அது மீண்டும் அடிக்கப்படவில்லை.

நெப்போலியனுடனான யுத்தத்தின் பின்னர் இங்கிலாந்து தனது தாள்களுக்குப் பொன் வழங்கும் முறைக்குத் திரும்பியது. 1821ஆம் ஆண்டு அது முழுமை பெற்றது. இலண்டனின் தங்கத் தேவை பெருகவே அமெரிக்க அரை ஈகிள்கள் மேலும் வேகமாக வெளியேறின. 1820களின் காசுகள் இன்று மிக மிக அரிதாக இருப்பதன் காரணம் இதுவே. 1822ஆம் ஆண்டுக் காசு மூன்றாகச் சுருங்கிய காலமும் அதுதான். அவ்வாண்டுக் கணக்கிற் கண்ட 17,796 காசுகளில் ஒரு பகுதி முந்திய ஆண்டுகளின் அச்சில் அடிக்கப்பட்டிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். 1824ஆம் ஆண்டு அச்சின் மீது 1825 என மாற்றிப் பதிக்கப்பட்ட அரை ஈகிளில் அறியப்படுபவை இரண்டே.

இறுதி அடி 1834ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதிய சட்டத்தால் விழுந்தது. தங்கம் நாட்டை விட்டு ஓடுவதைத் தடுக்கும் பொருட்டு, விகிதம் ஏறக்குறைய 16 ஆக மாற்றப்பட்டது. புதிய அரை ஈகிளின் தங்கம் குறைக்கப்பட்டது. பழைய காசில் 123.75 கிரெயின் தூய தங்கம் இருந்தது. புதியதில் 116 கிரெயின். கணக்கிட்டுப் பார்த்தால், பழைய காசுகள் பதினைந்தை உருக்கினால் புதிய காசுகள் பதினாறு அடிக்கலாம்! ஐந்து டொலர் காசைக் கையில் வைத்திருப்பவருக்கு அது 5 டொலர் 33 சதம் பெறும் என்று தெரிந்த பின்னர், அதனை அவர் எவ்வாறு செலவு செய்வார்? அதுவரை எஞ்சியிருந்த பழங்காசுகளும் உலைக்குச் சென்றன. புதியதைப் பழையதிலிருந்து பிரித்தறிய, ‘பலவற்றிலிருந்து ஒன்று’ என்ற பொருள்படும் இலத்தீன் வாசகம் புதிய காசிலிருந்து நீக்கப்பட்டது.

பஞ்சமோ பகைவரோ அன்று, நாடாளுமன்றம் இயற்றிய இரு சட்டங்களும் அவற்றின் இடையே ஓடிய இலாபக் கணக்குமே இக்காசுகளை அழித்தன. எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை இது.

கொழும்பைக் கண்ட காசு

இவ்வரலாற்றில் எமது கடலோடு தொடர்புற்ற அத்தியாயம் ஒன்றும் உண்டு. 1830களில் ஜனாதிபதி அண்ட்ரூ ஜக்சனின் அரசாங்கம் ஆசிய நாடுகளுடன் வர்த்தக உடன்படிக்கை செய்துகொள்ள எட்மண்ட் ரொபர்ட்ஸ் என்பவரைத் தூதுவராக அனுப்பியது. 1833ஆம் ஆண்டு அவர் மஸ்கட்டின் சுல்தான் செய்யித் சயீதுடனும் சியாம் மன்னருடனும் உடன்படிக்கைகளைச் செய்தார். உறுதிப்படுத்தப்பட்ட உடன்படிக்கைகளைக் கையளிக்கும் இரண்டாம் பயணத்துக்கென, அமெரிக்க நாணயங்களின் முழுத் தொகுதிகள் விசேடமாகத் தயாரிக்கப்பட்டன.

அப்போது ஈகிள் வழக்கில் இல்லை. ஏடுகளின்படி அது இறுதியாக அடிக்கப்பட்டது 1804இல் என்பதால், 1834ஆம் ஆண்டளவில் தயாரித்த காசுகளில் 1804 என்றே பொறித்தனர். இவ்வாறு தோன்றிய ஈகிளில் இன்று அறியப்படுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. தூதுவரை ஏற்றிய ‘பீகொக்’ என்ற போர்க்கப்பல் 1835ஆம் ஆண்டு மஸ்கட்டில் சுல்தானுக்குரிய பரிசைக் கையளித்தது. பின்னர் பம்பாய்க்கும் கொழும்புக்கும் வந்து, 1836ஆம் ஆண்டு சியாமை அடைந்தது. அதாவது, இன்று உலகப் புகழ்பெற்ற ‘சியாம் மன்னரின் நாணயத் தொகுதி’ கொழும்புத் துறையைக் கடந்தே பாங்கொக் சென்றது. ரொபர்ட்ஸ் அவ்வாண்டே மக்காவுவில் காலமானார். அத்தொகுதி 1962ஆம் ஆண்டு இலண்டனில் வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டு 85 இலட்சம் டொலருக்குக் கைமாறியது.

காத்தவர்கள்

அரசு கைவிட்டதைத் தனியார் காத்தனர் என்பதே இத்துறையின் பெரும் பாடம். ஆயினும், முதற் பெருமை நாணயச்சாலையின் ஊழியர் ஒருவரையே சாரும். தலைமை நாணயம் அடிப்பவராகப் பணியாற்றிய அடம் எக்பெல்ட், நல்ல காசுகளை உலைக்குப் போகவிடாது ஒதுக்கி வைத்து வந்தார். 1838ஆம் ஆண்டு முறையாக அமைக்கப்பட்ட நாணயச்சாலைச் சேகரிப்பு அவ்வாறு விளைந்ததே. 1923ஆம் ஆண்டு அது ஸ்மித்சோனியன் நிறுவகத்துக்கு மாற்றப்பட்டது. 1968ஆம் ஆண்டு, மறைந்த மருந்து உற்பத்தியாளர் ஜொசையா லில்லியின் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசுகள், குடும்பத்தினரின் வரிக்கு ஈடாக அதே நிறுவகத்தை வந்தடைந்தன. 1822ஆம் ஆண்டு அரை ஈகிள்கள் இரண்டும் இவ்விரு வழிகளாலேயே பொதுமக்களின் உடைமையாயின.

தனியாரிடம் இருந்த மூன்றாவது காசு, பல்ட்டிமோர் நகர நிதியாளர் லூயிஸ் இலியாஸ்பேர்க்கின் சேகரிப்பில் இருந்தது. அமெரிக்க நாணயங்களை ஆண்டு வாரியாகவும் நாணயச்சாலை வாரியாகவும் முழுமையாகத் திரட்டியவர் அவர் ஒருவரே எனப்படுகின்றது. 1950ஆம் ஆண்டு அச்சாதனை நிறைவுற்றது. 1982ஆம் ஆண்டு அவரது பொற்காசுகள் ஏலமிடப்பட்டபோது அந்த அரை ஈகிள் 687,500 டொலருக்கு விற்பனையானது. பின்னர் அது டி. பிரென்ட் போக் என்பவரின் சேகரிப்பை அடைந்து, முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் 84 இலட்சத்தை எட்டியது.

இச்சேகரிப்புகள் யாவும் 1933ஆம் ஆண்டில் அழிந்திருக்கக்கூடும். பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட், தனியாரிடமுள்ள தங்கத்தை வங்கிகளிடம் ஒப்படைக்குமாறு ஏப்ரல் 5ஆம் திகதி கட்டளையிட்டார். ஒப்படைக்கப்பட்ட பெருந்தொகைக் காசுகள் உருக்கப்பட்டுக் கட்டிகளாயின. ஆனால், அக்கட்டளையில் சேகரிப்பாளருக்கு விசேட பெறுமதியுடைய அரிய காசுகளுக்கு விலக்களிக்கும் ஒரு வரி இருந்தது. அன்றைய திறைசேரிச் செயலாளர் வில்லியம் வூடின் தாமே ஒரு நாணயச் சேகரிப்பாளர் என்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒரு துறையின் அருமையை அறிந்தவர் அதிகார பீடத்தில் இருக்கும்போது, ஒரு வரி எவ்வளவைக் காப்பாற்றிவிடுகின்றது!

சேகரிப்பாளர் அனைவரும் ஒரு தரத்தினர் அல்லர். பெட்டகத்தில் பூட்டுவதோடு பணி முடிந்ததென எண்ணுவோரும் உளர். அவ்வாறின்றி, டலஸ் நகர எண்ணெய்த் தொழிலதிபர் ஹரி பாஸ், ஒரே ஆண்டின் காசுகளைப் பல பிரதிகளாக வாங்கி, எந்தக் காசு எந்த அச்சு இணையால் அடிக்கப்பட்டது, அவ்வச்சு எப்போது விரிசல் கண்டது என்றெல்லாம் ஒப்பிட்டுக் குறிப்பெடுத்தார். 1998ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னர், அக்குறிப்புகளைக் கொண்டு ஜோன் டன்ரொயிதர் முழுமைப்படுத்திய நூல் 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. இன்று இத்துறையில் இறங்கும் எவருக்கும் அதுவே கைந்நூல். அவரது சேகரிப்பின் மையப்பகுதி பல்லாண்டுகள் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகர நாணய அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தது. 2022ஆம் ஆண்டு முதல் அது ஏலமிடப்பட்டு, வருவாய் அவர் பெயரிலான மன்றத்தின் அறப்பணிகளுக்குச் சென்றது.

வாங்குவோர் அறியவேண்டியவை

இக்காசுகளில் மிகச் சாதாரணமான வகையும் பல ஆயிரம் டொலர் பெறும். ஆகவே, போலிகளுக்கும் குறைவில்லை. முதற் சோதனை நிறை. இரண்டாவது அடர்த்தி. தூய தங்கத்தைவிடக் குறைந்த, 22 கரட் தங்கத்துக்கே உரிய அடர்த்தியை நீரில் நிறுத்து அறியலாம். மூன்றாவது விளிம்பின் வரிகள். வார்த்தெடுத்த போலியில் எழுத்துகளின் ஓரம் மழுங்கி, மேற்பரப்பில் நுண்துளைகள் காணப்படும். அச்சில் அடித்த காசில் ஓரங்கள் கூர்மையாக இருக்கும். நான்காவதும் முதன்மையானதுமான சோதனை, அறியப்பட்ட அச்சு இணைகளுள் எதனுடனாவது அக்காசு பொருந்துகின்றதா என்பது. ஹரி பாஸ் போன்றோரின் உழைப்பின் பயன் இங்கேதான் தெரிகின்றது.

காசின் நிலையை 1 முதல் 70 வரையான புள்ளிகளால் குறிக்கும் முறை, 1949ஆம் ஆண்டு வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செப்புக் காசுகளுக்கென வகுத்தது. 1980களின் பிற்பகுதியில் தோன்றிய தரநிர்ணய நிறுவனங்கள் அதனைப் பின்பற்றிக் காசைச் சோதித்து, புள்ளியிட்டு, பிளாஸ்டிக் உறையில் இட்டு முத்திரையிடுகின்றன. இது வாங்குவோருக்குப் பாதுகாப்பே. எனினும், அந்த உறையையே போலியாகச் செய்வோரும் தோன்றிவிட்டனர். உறையை வாங்காது காசை வாங்குக என்பதே அனுபவசாலிகள் கூறும் அறிவுரை.

இன்னொன்று, சுத்தம் செய்தல். எமது வீடுகளில் மங்கிய நகையைத் துலக்குவது நல்ல பழக்கம். நாணயத்திலோ அது நாசம். துலக்கிய காசின் இயல்பான மேற்பரப்பு அழிந்து, விலையும் வீழ்ந்துவிடுகின்றது. அவ்வாறே, ஒரு காலத்தில் பதக்கமாகவோ சங்கிலியிலோ கோக்கப்பட்டு, வளையம் ஒட்டிய தழும்பும் துளை அடைத்த அடையாளமும் உடைய அமெரிக்கக் காசுகள் ஏராளம். பவுண் காசை நகையிற் பதித்த எமது மூதாதையர் செய்ததையே அவர்களும் செய்தனர். ஆனால், அவ்வாறு கழுத்தில் ஏறியதனாலேயே சில காசுகள் உலைக்குத் தப்பின என்பதையும் மறந்துவிடலாகாது.

‘சுதந்திரம்’ என்ற சொல்

இக்காசுகள் அனைத்திலும் ‘சுதந்திரம்’ என்ற சொல் ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. அச்சொல்லைப் பொறித்த தங்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் கூறாது விடின் இக்கட்டுரை குறைவுடையதாகும்.

ஆரம்பத்தில் அந்நிய நாணயங்களை உருக்கியே காசு அடித்தனர். 1799ஆம் ஆண்டு வட கரோலினாவில் ரீட் என்னும் விவசாயியின் மகன் ஓடையில் 17 இறாத்தல் நிறையுடைய மஞ்சட் கல்லொன்றைக் கண்டெடுத்தான். அது தங்கம் என்பதை அறியாத குடும்பத்தினர் கதவு சாத்தாதிருக்க அண்டைக் கல்லாக வைத்திருந்து, பின்னர் மூன்றரை டொலருக்கு விற்றனர். 1803ஆம் ஆண்டு அதே நிலத்தில் 28 இறாத்தல் தங்கக்கட்டி ஒன்றைக் கண்டெடுத்தவர் பீற்றர் என்ற அடிமை. அப்பிரதேசத்துத் தங்கம் 1804ஆம் ஆண்டு முதல் பிலடெல்பியாவுக்குச் செல்லலாயிற்று. மண்ணிலிருந்து தங்கத்தை எடுத்த கைகளுள் அடிமைகளின் கைகளும் இருந்தன. காசிலிருந்த சொல் அவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை.

1829ஆம் ஆண்டளவில் ஜோர்ஜியாவில் செரோக்கி மக்களின் நிலத்திலும் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே பூர்வகுடிகளை அகற்றும் சட்டம் நிறைவேறியது. 1838ஆம் ஆண்டு செரோக்கி மக்கள் படையினரால் தம் மண்ணிலிருந்து மேற்கே துரத்தப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதே ஆண்டு அதே பிரதேசத்தில் டலோனேகா நாணயச்சாலை பொற்காசு அடிக்கத் தொடங்கியது. அங்கு அடித்த காசிலும் சுதந்திர மங்கையின் தலையே இருந்தது. சொந்த மண்ணை விட்டு ஒரே நாளில் வெளியேறுவதன் பொருளை அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதனைக் கூறுவது, சேகரிப்பாளரைப் பழிப்பதற்காகவன்று. மாறாக, காசைக் காப்பதன் அவசியத்தை வலியுறுத்தவே கூறுகின்றோம். உருக்கப்பட்ட தங்கத்துக்கு நினைவு இல்லை. அது போர்த்துக்கேயக் காசாக இருந்ததா, அடிமையின் கையிலிருந்து வந்ததா, பறிக்கப்பட்ட நிலத்திற் கிடைத்ததா என எவராலும் கூற முடியாது. காசாக எஞ்சியிருக்கும் தங்கமோ தனது ஆண்டையும், தன்னை அடித்த இடத்தையும், தன்மீது எழுதப்பட்ட வாக்குறுதியையும் தாங்கி நிற்கின்றது. அந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று கேட்கும் உரிமையைப் பின்வரும் தலைமுறைக்கு அது வழங்குகின்றது.

ஆகவே, ஏலத்தில் 84 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது எட்டே முக்கால் கிராம் தங்கத்துக்கு அன்று. உலைக்குச் சென்ற ஆயிரக்கணக்கான காசுகளின் சார்பில் எஞ்சிநிற்கும் சாட்சிக்கே என்று கொள்வதே பொருத்தமாகும். அச்சாட்சியை வாங்கும் வசதி வெகுசிலருக்கே வாய்க்கும். ஆனால், அதனை ஆராய்ந்து பதிந்து பிறர் பார்வைக்கு வைப்பவரே உண்மையான சேகரிப்பாளர் என்பதும், பூட்டி வைப்பவர் வெறும் உடைமையாளரே என்பதும் எமது துணிபாகும்.